ஒரண்டா செவுள்ல வெள்ளைப் புள்ளி. மருந்து போட்டப்புறம் ரெண்டும் மேல வந்து மூச்சு வாங்குது, அவசரம்

பெரம்பூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்காக வாங்கின ரெண்டு ஒரண்டா கோல்டு ஃபிஷ் வச்சிருக்கோம். போன வருஷம் வாங்கினப்போ சுண்டுவிரல் நீளம்தான், இப்போ நல்லா வளர்ந்துடுச்சு. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதுக்கு ஒரு சின்ன ஏர் மோட்டார். அடியில கூழாங்கல். இத்தனை நாள் ஒரு தொந்தரவும் இல்ல.

மழை விட்டப்புறம் சின்ன மீனோட செவுள் மூடி மேல ரவை ரவையா வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுது. அதே மீன் பெருசை விடாம துரத்திக்கிட்டும் இருந்துச்சு, பின்னாடி போய் முட்டிக்கிட்டே இருக்கும். போட்டோ எடுத்துட்டுப் போய் கடையில காட்டினேன். "வெள்ளைப்புள்ளி நோய், ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும்"னு சொல்லி நீல மருந்து ஒரு பாட்டிலும் டெட்ராசைக்ளின் கேப்சூலும் கொடுத்தாங்க. தண்ணியை முழுசா மாத்தணும், கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் குழாயில நல்லா கழுவணும், அப்புறம் நீல மருந்து 20 சொட்டு, கேப்சூல் தினம் ஒண்ணு பிரிச்சுப் போடணும்னாங்க. அப்படியே செஞ்சோம். அன்னிக்கு லாரித் தண்ணிதான் சம்ப்ல இருந்துச்சு.

இப்போ புள்ளி அப்படியேதான் இருக்கு. ஆனா ரெண்டு மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பெருசு நடுநடுவே அடியில போய் ஒரு பக்கமா சாயுது, முதுகுத் துடுப்பை விரிக்கவே இல்ல. தண்ணி நீலம் போய் ஒரு மாதிரி பழுப்பா இருக்கு. கடையில கேட்டா டோஸ் போதலை, இன்னும் 10 சொட்டு விடுங்கன்றாங்க. விடலாமா? ஹீட்டர் வாங்கணுமா? பையன் ஸ்கூல்லேருந்து வந்ததும் தொட்டி முன்னாடியே உக்காந்திருக்கான். யாராவது சொல்லுங்களேன்.


கப்பிப்பிரியன் எழுதியது:

வெள்ளைப்புள்ளிதாங்க. மழைக்காலத்துல எல்லா வீட்லயும் வர்றதுதான். ஹீட்டர் வாங்கி 30 டிகிரில வைங்க, ஒரு கை கல் உப்பு போடுங்க, ஒரு வாரத்துல போயிடும். எனக்குப் போன மழையில கப்பி, மோலி எல்லாத்துக்கும் வந்து இப்படித்தான் சரியாச்சு.


மொட்டைமாடி மீன் எழுதியது:

சிஸ்டர், முதல்ல அந்த பாட்டிலை மூடி பரண்ல போடுங்க. இன்னும் ஒரு சொட்டுகூட விடாதீங்க. கேப்சூலும் வேணாம். ஹீட்டரும் இப்போ வேணவே வேணாம். மத்ததை அப்புறம் பேசலாம், உடனே செய்ய வேண்டியதை எழுதுறேன்.

ஒரு பக்கெட்ல தண்ணி பிடிச்சு, மீன் கடையில விக்கிற ஆன்டி குளோரின் அளவா போடுங்க. கையை ரெண்டு தண்ணியிலயும் விட்டுப் பாருங்க, சூடு ஒண்ணா இருக்கணும். மார்கழி மாசம், மாடி டேங்க் தண்ணி காலையில சில்லுனு இருக்கும், அதை அப்படியே ஊத்தினா இன்னொரு அடி விழும். தொட்டியில பாதித் தண்ணியை டியூப் வச்சு அடியிலேருந்து உறிஞ்சி எடுத்துட்டு, இதை மெதுவா ஊத்துங்க. ராத்திரி இன்னொரு தடவை. நாளைக்கும் அதே மாதிரி. மோட்டார்ல இன்னொரு டியூப் இழுத்து ஏர் ஸ்டோன் போட முடிஞ்சா போடுங்க, இல்லேன்னா ஃபில்டர்ல குமிழி பலமா வர்ற மாதிரி வைங்க. ரெண்டு மூணு நாளைக்குத் தீனி கிடையாது. பட்டினி கிடந்து இந்த சைஸ் கோல்டு ஃபிஷ் சாகாது, பயப்படாதீங்க. ஃபில்டரை மட்டும் நிறுத்தாதீங்க, கழுவவும் கழுவாதீங்க.

நான் கொளத்தூர் பக்கம். மொட்டைமாடியில சிமெண்ட் தொட்டி கட்டி கோல்டு ஃபிஷ் வளர்த்து விக்கிறோம், அப்பா ஆரம்பிச்சது. அதனால கடைக்காரரைக் குறை சொல்லணும்னு சொல்லலை, நானும் அந்தத் தொழில்தான். ஆனா புள்ளின்னு ஒரு வார்த்தை காதுல விழுந்த உடனே கை நீல பாட்டிலுக்குப் போற பழக்கம் இந்தத் தொழில்ல ரொம்பப் பேருக்கு இருக்கு.

உங்க மீன் இப்போ மூச்சு வாங்குறது புள்ளியால இல்ல, தண்ணியால. எப்படின்னு சொல்றேன். மீன் செவுள் வழியாவே அம்மோனியாவை வெளிய விடும், மிச்சத் தீனியும் கழிவும் அழுகினா இன்னும் சேரும். அது விஷம். அதைத் தின்னு தீர்க்குற பாக்டீரியா உங்க ஸ்பாஞ்ச்லயும் கூழாங்கல்லயும்தான் குடியிருந்துச்சு. ஒரு வருஷமா தொந்தரவு இல்லாம ஓடினது அதனாலதான். லாரித் தண்ணியில குளோரின் தூக்கலா இருக்கும், அதுல ஸ்பாஞ்சையும் கல்லையும் கழுவினதுல பாதிப் பேர் காலி. மெத்திலீன் புளூவும் (அந்த நீல மருந்து) ஆன்டிபயாட்டிக்கும் (அந்தக் கேப்சூல்) மிச்சத்தைப் பாத்துக்கிச்சு. இப்போ உங்ககிட்ட இருக்கிறது நேத்து வாங்கின புதுத் தொட்டி மாதிரிதான், ஆனா உள்ள ரெண்டு பெரிய மீன். அதோட அந்த லாரித் தண்ணி குளோரினே செவுளைச் சுட்டிருக்கும்.

ஹீட்டர் ஏன் வேணாம்னா, தண்ணி சூடாக ஆக அதுல ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில ஒரு லிட்டர்ல 8 மில்லிகிராம் சொச்சம் கரையும், 30-ல ஏழரைதான். ஏற்கெனவே மேல வந்து காத்துக்குத் தவிக்கிற மீனுக்கு அந்த வித்தியாசம் பெருசு. கப்பிப்பிரியன் சொன்ன முறை நிஜமான வெள்ளைப்புள்ளிக்குத் தப்பில்ல. ஆனா கப்பி வேற, ஒரண்டா வேற, அதுவும் இது அந்த நோயே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.

மூணு கேள்விக்கு நல்லா பாத்துட்டு பதில் சொல்லுங்க. டார்ச் அடிச்சுப் பக்கவாட்டுல பாருங்க. புள்ளி செவுள் மூடியில மட்டும் இருக்கா, இல்ல உடம்பு, வால்லயும் இருக்கா? செவுளுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கே ஒரு ஜோடித் துடுப்பு, அதோட முன் ஓரத்துல வரிசையா வெள்ளையா ஏதாவது தெரியுதா? மருந்து போடுறதுக்கு முன்னாடி மீன் கல்லுல உடம்பைத் தேய்ச்சுதா?


பெரம்பூர்வாசி எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. பாதித் தண்ணி மாத்திட்டேன். ஆன்டி குளோரின் வீட்லயே இருந்துச்சு, இத்தனை நாளும் அதைப் போட்டுத்தான் மாத்துவோம், ஆனா கால் பங்குதான் மாத்துவோம். அன்னிக்குக் கடையில அதைப் பத்திச் சொல்லலை, மருந்து இருக்கேன்னு விட்டுட்டோம்.

டார்ச் அடிச்சுப் பாத்தோம். உடம்புல ஒண்ணுமே இல்ல, வால்லயும் இல்ல. செவுள் மூடி ரெண்டு பக்கமும் இருக்கு, எல்லாம் ஒரே சைஸ். நீங்க சொன்ன துடுப்புல முன் ஓரத்து முள்ளு மேல சின்னச் சின்னதா வரிசையா இருக்கு, ரம்பம் மாதிரின்னு பையன்தான் கண்டுபிடிச்சான். தேய்ச்சு நாங்க பாத்ததில்ல. பெருசுக்கு இப்படி எதுவும் இல்ல.

பக்கத்துத் தெருக் கடையில அம்மோனியா டெஸ்ட் பண்ணிக் கேட்டேன், 2-ன்னு சொன்னாங்க. தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி எடுத்தது. அது ரொம்பவா?


மொட்டைமாடி மீன் எழுதியது:

பையனுக்கு ஒரு சபாஷ்.

அது நோயே இல்ல சிஸ்டர். உங்க சின்ன மீன் ஆண், வயசுக்கு வந்துடுச்சு. கோல்டு ஃபிஷ்ல ஆணுக்கு முட்டை விடுற சீசன்ல செவுள் மூடி மேலயும் அந்த ஜோடித் துடுப்போட முதல் முள்ளு மேலயும் இப்படிப் பரு வரும். ஒரே அளவு, ரெண்டு பக்கமும், அதே இடத்துலயே நிக்கும். சீசன் முடிஞ்சா தானா மங்கும். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வரும், சிலதுக்கு வருஷம் முழுக்கவே லேசா இருக்கும். நாங்க சோடி பிரிக்கும்போது முதல்ல பாக்குறதே இதைத்தான்.

நீங்க முதல் பதிவுலயே பதிலைச் சொல்லிட்டீங்க. சின்னது பெருசைத் துரத்துது, பின்னாடி முட்டுதுன்னீங்கள்ல? அது சண்டை இல்ல. முட்டை இறக்க வைக்கிறதுக்கு ஆண் பொட்டையோட வயித்துப் பக்கம் முட்டும். மழை பெஞ்சு தண்ணி குளிர்ந்தது அதுக்குத் தூண்டுதல். பெருசை மேலேருந்து பாத்தா வயிறு ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலா புடைச்சிருக்கும், அது பொட்டை. போன வாரம் கூழாங்கல்லுல ஒட்டினாப்ல கண்ணாடி மணி மாதிரி ஏதாவது இருந்திருக்கும், முட்டை. அதுங்களே தின்னுடும், அதனால நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

நிஜ வெள்ளைப்புள்ளி எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா அடுத்த தடவை பதற வேண்டாம். அது ஒரு ஒட்டுண்ணி. இக்தியோஃப்திரியஸ்னு பேரு, நாங்க இக்குன்னு சொல்லுவோம். இன்னிக்கு வால்ல நாலு இருந்தா நாளைக்கு உடம்பு, துடுப்பு, கண்ணு ஓரம்னு இறைஞ்சு கிடக்கும், கணக்கே இருக்காது. ஆண், பொட்டைன்னு பாக்காது. மீன் கல்லு மேல, ஃபில்டர் குழாய் மேல பளிச்சுன்னு ஒரு பக்கமா உரசிட்டு ஓடும். செவுளுக்குள்ள மட்டும் வந்தா புள்ளியே தெரியாம மூச்சு வாங்குறதும் உண்டு, அதுதான் ஆபத்து.

நீங்க பாக்குற அந்தப் புள்ளி மீனோட தோலுக்கு அடியில இருக்கு, எந்த மருந்தும் அங்க தொடாது. தின்னு பெருத்ததும் கழண்டு கீழே விழுந்து, ஒரு ஓடு கட்டிக்கும். அந்த ஓட்டுக்குள்ளயும் மருந்து போகாது. உள்ள ஒண்ணு நூறாப் பிரிஞ்சு, ஓட்டை உடைச்சுக்கிட்டு நீந்தி வெளிய வந்து அடுத்த மீனைத் தேடும் பாருங்க, அப்போ மட்டும்தான் சாகும். ரெண்டு நாளைக்குள்ள மீன் கிடைக்கலைன்னா அதுவே செத்துடும். நம்ம ஊர்ச் சூட்டுல இந்தச் சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடியும். குளிர்ந்தா இழுக்கும். அதனாலதான் புள்ளி மறைஞ்ச அன்னிக்கே மருந்தை நிறுத்துறவங்களுக்கு அடுத்த வாரம் திரும்ப வருது. புள்ளி போனப்புறமும் இன்னும் ஒரு சுத்து தாண்டுற வரைக்கும் விடக்கூடாது.

ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். வெளித் தொட்டியில வளர்ந்த ஒரண்டா மேல நூல் துண்டு தொங்குறாப்ல ஒரு சென்டிமீட்டருக்கு ஏதாவது நீட்டிக்கிட்டு இருந்தா அது நங்கூரப்புழு, அதுக்கு வைத்தியம் வேற. தட்டையா, கண்ணாடி மாதிரி, உடம்பு மேல நகர்ந்தா மீன் பேன். இது ரெண்டும் கண்ணுக்கே தெரியும். புது மீன் வாங்கும்போது கவரைத் தூக்கி வெளிச்சத்துல பாக்குறது இதுக்குத்தான்.

அம்மோனியா 2 ரொம்ப அதிகம். ஜீரோதான் இருக்கணும். ஆனா நீல மருந்து கலந்த தண்ணியில கலர் வச்சுப் பாக்குற டெஸ்ட் சரியாக் காட்டாது, அந்த எண்ணை அப்படியே நம்பாதீங்க. நாளைக்குத் தண்ணி தெளிஞ்சப்புறம் இன்னொரு தடவை பாருங்க. அப்படியே பி.எச் (தண்ணியோட அமில, காரத் தன்மை) எவ்வளவுன்னும் கேளுங்க.


மாதவரம் படிச்சவன் எழுதியது:

மொட்டைமாடி அண்ணன் சொன்னதுல பெரும்பாலும் ஒத்துப்போறேன். மீன்வளம் படிச்சவன்கிற முறையில சில விஷயம் சேர்க்கிறேன்.

பி.எச் ஏன் முக்கியம்னா, டெஸ்ட்ல காட்டுற அம்மோனியா முழுக்க விஷம் இல்ல. அதுல அயனியாகாத பங்குதான் செவுளுக்குள்ள புகும். 25 டிகிரியில பி.எச் 7-ன்னா அந்தப் பங்கு நூத்துக்கு ஒண்ணுகூட வராது. பி.எச் 8-ன்னா நூத்துக்கு அஞ்சுக்கு மேல. அதாவது அதே 2, ஒரு வீட்ல மீன் சமாளிக்கும், இன்னொரு வீட்ல கொல்லும். சூடு ஏறினாலும் அந்தப் பங்கு கூடும், ஹீட்டர் வேணாம்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டெட்ராசைக்ளின் பத்தி யாரும் விவரமாச் சொல்லலை. கால்சியம், மக்னீசியம் அதிகம் இருக்கிற கடினத் தண்ணியில அது அதோட ஒட்டிக்கிட்டுப் பெரும்பகுதி வேலையே செய்யாது. வெளிச்சம் பட்டா சிதைஞ்சு பழுப்பாகும், நீங்க பாத்த கலர் அதுதான். ஒட்டுண்ணிக்கு ஆன்டிபயாட்டிக் எந்த விதத்துலயும் மருந்து இல்ல. பாக்டீரியா நோய்னு உறுதியானாத்தான் அது, அதுவும் டாக்டர் சொல்லி. சும்மா தொட்டியில கொட்டினா மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும், அந்தத் தண்ணியை நாம வெறுங்கையால தொடுறோம்.

உப்பு விஷயத்துல ஒரு திருத்தம். அம்மோனியாவை உப்பு எடுக்காது. அம்மோனியா குறைஞ்சப்புறம் வர்ற நைட்ரைட்டுக்குத்தான் உதவும். நைட்ரைட்டு செவுள் வழியா ரத்தத்துக்குப் போய் ஆக்ஸிஜன் தூக்குற வேலையைக் கெடுக்கும், செவுள் பழுப்பாத் தெரியும். உப்புல இருக்கிற குளோரைடு அது உள்ள புகுறதைத் தடுக்கும். உங்க தொட்டி கணக்குப்படி 56 லிட்டர், கல்லும் மேல விட்ட இடமும் போக 45 லிட்டர்னு வைங்க. லிட்டருக்கு 1 கிராம் போதும், 45 கிராம் கல் உப்பைத் தராசுல எடை போட்டு, தனியாக் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாள் முழுக்க விடுங்க. "ஒரு கை"ன்னா யார் கைன்னு யாருக்குத் தெரியும். அடுத்து தண்ணி மாத்தும்போது எடுத்த தண்ணிக்கு மட்டும் உப்பு சேருங்க, மொத்தத்துக்கும் சேர்த்தா ஏறிக்கிட்டே போகும்.

மீன் இறந்தாலோ, என்ன நோய்னே புரியலைன்னாலோ, மாதவரத்துல மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்துல மீன் நோய்களுக்கு ஆய்வகம் இருக்கு. தோலை லேசாச் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல வச்சா இக்கு நிமிஷத்துல தெரிஞ்சுடும், குதிரை லாட வடிவத்துல உட்கரு இருக்கும். மேலோட்டமாப் பாத்துச் சண்டை போடத் தேவையே இல்ல.


கப்பிப்பிரியன் எழுதியது:

ஆண் மீனுக்குப் பரு வர்றது இன்னிக்குத்தான் தெரியும். கப்பியில அப்படி இல்லையே. ஆனா உப்பு "ஒரு கை"ன்னது என் 4 அடித் தொட்டிக் கணக்குங்க, கிண்டல் வேணாம் :)


பெரம்பூர்வாசி எழுதியது:

நேத்து ராத்திரி ஒரு தடவை, இன்னிக்குக் காலையில ஒரு தடவை மாத்தினோம். தண்ணி தெளிஞ்சுடுச்சு. சின்னது கீழே இறங்கி கல்லைக் கிளற ஆரம்பிச்சுடுச்சு. பெருசு சாயுறது நின்னுடுச்சு, ஆனா இன்னும் நடுநடுவே மேல போகுது. துடுப்பு பாதி விரியுது. டெஸ்ட் இன்னிக்கு 0.5, பி.எச் 8. உப்பு எடை போட்டுக் கரைச்சு வச்சிருக்கேன்.

செவுள்ல புண்ணு இருந்தா தானா ஆறுமா? இன்னும் எத்தனை நாள் இப்படித் தண்ணி மாத்தணும்? எனக்கு வேலைக்குப் போகணும், மாமியாருக்கு பக்கெட் தூக்க முடியாது.


மொட்டைமாடி மீன் எழுதியது:

0.5 வந்துடுச்சுன்னா நல்ல செய்தி, ஆனா பி.எச் 8-ல அதுவும் சும்மா இல்ல. செவுள் ஆறும், தண்ணி சுத்தமா இருந்தா மட்டும். பெருசு பொட்டை, வயித்துல முட்டை பாரம் வேற, கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆண் மறுபடி துரத்த ஆரம்பிச்சா நடுவுல ஒரு பிளாஸ்டிக் வலைத் தடுப்பு வச்சுப் பிரிச்சு விடுங்க, அது ஓடி ஓடியே களைச்சுடும்.

தண்ணி மாத்துற கணக்கு: ஃபில்டர் பாக்டீரியா ஒண்ணுமில்லாம இருந்து திரும்ப வளர 4-லேருந்து 6 வாரம் ஆகும். அதுவரை தினம் பக்கெட்டுன்னா யாராலயும் முடியாது. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற தொட்டியிலேருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கொண்டு வந்து உங்க தொட்டியில போட்டா பாக்டீரியா அதோடயே வந்துடும். தினம் மாத்துறது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒண்ணுன்னு இறங்கிடும். அப்படி ஒரு ஸ்பாஞ்ச் நான் தர்றேன். காசெல்லாம் வேணாம்.


மாதவரம் படிச்சவன் எழுதியது:

அண்ணே, குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். விக்கிற மீன் இருக்கிற தொட்டி ஸ்பாஞ்ச்னா நோயும் சேர்ந்து வரலாமே. செவுள் வெந்து கிடக்கிற மீன் அதைத் தாங்காது.


மொட்டைமாடி மீன் எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. வியாபாரத் தொட்டியிலேருந்து நானும் தர மாட்டேன். கீழே வீட்டுக்குள்ள ஒரு தொட்டியில நாலஞ்சு பழைய ரியூகின் கோல்டு ஃபிஷ் மட்டும் இருக்கு, விக்கிறதில்ல, தீபாவளிக்கு முன்னாடியிலேருந்து அதுல புது மீன் எதுவும் விடலை, தீனியா உயிர்ப்புழு போடுறதும் இல்ல. அந்த ஸ்பாஞ்ச்தான். அதைத் தாண்டி உத்தரவாதம்னு யாரும் தர முடியாது, அதையும் சொல்லிடுறேன். சிஸ்டர் யோசிச்சுச் சொல்லட்டும்.


பெரம்பூர்வாசி எழுதியது:

வீட்ல பேசிட்டேன், வாங்கிக்கிறோம் அண்ணா. ஞாயித்துக்கிழமை காலையில வரலாமா? எதுல கொண்டு வரணும்?


மொட்டைமாடி மீன் எழுதியது:

வாங்க, வழியை உள்பெட்டியில அனுப்புறேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு போதும், பாதி வரைக்கும் என் தொட்டித் தண்ணியே ஊத்தி அதுல ஸ்பாஞ்சை முக்கி வச்சுத் தர்றேன். காயவே கூடாது, வழியில எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்குப் போங்க. போனதும் டப்பாத் தண்ணியை சிங்க்ல ஊத்திட்டு ஸ்பாஞ்சை மட்டும் உங்க ஏர் டியூப்ல மாட்டுங்க. பழுப்பா அழுக்கா இருக்கும், யாராவது அதைக் குழாயில காட்டிக் கழுவப் போறாங்க, மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க, பொட்டைக்கும் ஆணுக்கும் வித்தியாசம் கையில பிடிச்சே காட்டுறேன்.